‘பொருள் எண் 14’: நம் ஊர் மன்றத்தில் ஒரு விஷயம் எப்படி முடிவாகிறது?

எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. நாற்பது வருடம் கிராமத்தில் குடும்பம் நடத்திவிட்டு, இப்போது மகனோடு காரைக்குடிப் பழைய வீட்டில் இருக்கிறார். ஊரில் இருந்தவரை கிராம சபைக் கூட்டம் ஒன்றையும் விட்டதில்லை. போன ஐப்பசி மழையில் தெரு வாய்க்கால் அடைத்துக்கொண்டு வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றபோது என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இங்க கிராம சபை என்னைக்குப் போடுவாக? நான் வந்து எந்திரிச்சுக் கேக்குறேன்.”

நகரத்தில் கிராம சபை கிடையாது என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “அப்ப யாருதான் முடிவு பண்றது? எங்க வச்சு முடிவு பண்றாக?”

ஆச்சிக்கு மட்டுமான கேள்வி இல்லை இது. 2024-இல் காரைக்குடி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளையும் சங்கராபுரம் போன்ற ஊராட்சிகளையும் அதோடு சேர்த்தார்கள். கிராம சபையில் கையைத் தூக்கிப் பேசிப் பழகிய எத்தனையோ பேர் இன்று நகரத்து ஆட்கள். அவர்களுக்காகவும், பிறந்ததிலிருந்து நகரத்திலேயே இருந்தும் மன்றக் கூட்டம் என்றால் செய்தித்தாளில் வரும் வெளிநடப்புப் படம் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் மன்றம் என்றால் யார் என்று பார்த்துவிடலாம். வார்டுக்கு ஒருவர் என்று நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர்கள் கூடி உட்காரும் அவைதான் மன்றம். நகராட்சியில் அதற்கு நகர்மன்றம் என்று பெயர், மாநகராட்சியில் மாமன்றம். காரைக்குடி நகராட்சியாக இருந்தபோது 36 வார்டுகள். தேவகோட்டை நகராட்சிக்கு 27. நகராட்சிக்குத் தலைவர், மாநகராட்சிக்கு மேயர். இவர்களை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, உறுப்பினர்கள்தான் தங்களுக்குள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தப் பக்கம் மன்றம் என்றால், அந்தப் பக்கம் அலுவலகம்: ஆணையர், பொறியாளர், சுகாதாரப் பிரிவு, வருவாய்ப் பிரிவு, நகரமைப்புப் பிரிவு. முடிவு மன்றத்துடையது, அதைச் செய்து முடிப்பது அலுவலகம் என்பது ஏற்பாடு.

கிராம சபைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. கிராம சபையில் அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் உறுப்பினர்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் எழுந்து நின்று கேட்கலாம். மன்றத்தில் அப்படி இல்லை. பேசுவது உறுப்பினர், வாக்களிப்பது உறுப்பினர். நாம் போனாலும் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமே தவிர வாயைத் திறக்க முடியாது. அப்படியானால் நமக்கு என்னதான் பிடி இருக்கிறது? அதற்குப் பெயர்தான் ‘பொருள்’.

மன்றத்தில் எந்த விஷயமும் சும்மா பேச்சாக வந்து முடிவாவதில்லை. ஒரு தாளில் எழுதி, எண் போட்டு, கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட வேண்டும். அப்படி எழுதப்பட்ட ஒவ்வொரு விஷயமும் ஒரு பொருள். எல்லாப் பொருளும் சேர்ந்த கட்டுக்குக் கூட்டப்பொருள் என்று பெயர். பேச்சில் அஜெண்டா என்பார்கள். பொதுவாக அந்தக் கட்டில் இருப்பதுதான் அன்றைக்குத் தீர்மானமாகும். அதில் இல்லாததை ஒரு உறுப்பினர் தொண்டை கிழியப் பேசலாம், தலைவரும் “கவனிக்கிறோம்” என்று சொல்லலாம், ஆனால் தீர்மானப் புத்தகத்தில் பெரும்பாலும் ஒரு வரி ஏறாது. ஆகவே நம் தெரு விஷயம் பேசப்பட்டதா என்று கேட்பதைவிட, பொருளாக வந்ததா என்று கேட்பதுதான் சரி.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது புதிய பழக்கம் ஒன்றுமில்லை. நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்களில் கல்யாணமான தம்பதியைப் புள்ளி என்று கணக்கு வைத்து, புள்ளி வரி வாங்கி, நகரக் கோயில் காரியங்களைப் பார்ப்பார்கள். திருப்பணி என்றால் கூட்டம் போட்டு, என்ன வேலை, எவ்வளவு செலவு, யார் பொறுப்பு என்று எழுதிக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். வரி கொடுத்த புள்ளிக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. நகர்மன்றத்தையும் அந்தக் கண்ணோடு பாருங்கள். வீட்டு வரி, தண்ணீர் வரி கட்டுகிற எல்லோரும் இங்கே புள்ளிதான்.

ஆச்சிக்கு விளக்குவதற்காக நானே ஒரு மாதிரிப் பொருளை எழுதிக்காட்டினேன். உண்மையான ஊர் எதற்கும் உரியது இல்லை; ஆனால் நடை இப்படித்தான் இருக்கும்:

“பொருள் எண் 14: வார்டு எண் … தெருவில் உள்ள மழைநீர் வாய்க்காலை 180 மீட்டர் நீளத்துக்குத் தூர்வாரி, சேதமடைந்த பக்கச்சுவரினைச் சீர்செய்யும் பணிக்கு ரூ.8.50 இலட்சத்துக்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது. மேற்படி பணியினைப் பொது நிதியிலிருந்து மேற்கொள்ள மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது. அலுவலகக் குறிப்பு: மன்றம் அனுமதிக்கலாம்.”

நாலே வரி. இதை நிதானமாகப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

முதலில் இடம். எந்தத் தெரு, எங்கிருந்து எங்கே வரை? “மேற்படி வார்டில் பல்வேறு தெருக்களில்” என்று பொதுவாக எழுதியிருந்தால், வேலை எந்தத் தெருவில் நடந்தது என்று பிறகு யாராலும் பிடிக்க முடியாது. அடுத்தது அளவு. 180 மீட்டர் என்று போட்டிருக்கிறது. ரூ.8.50 இலட்சத்தை அதால் வகுத்தால் மீட்டருக்கு ஏறக்குறைய ரூ.4,700. இது கூடுதலா குறைவா என்று நமக்கு உடனே தெரியாது. ஆனால் அடுத்த பக்கத்தில் இதே மாதிரி இன்னொரு வாய்க்காலுக்கு மீட்டருக்கு ரூ.9,000 வந்தால், ஏன் என்று கேட்க ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. ஆழம் கூடுதலாக இருக்கலாம், கான்கிரீட் மூடி போடலாம். பதில் இருக்கட்டும், கேள்வி வரட்டும். ஒரே தெரு வேலை இரண்டு மூன்று பொருளாகத் துண்டு போட்டு வந்தாலும் காரணம் கேளுங்கள்.

பிறகு நிதி. நான் அதிகம் கவனிப்பது இந்த இடத்தைத்தான். “பொது நிதி” என்றால் நாம் கட்டும் வரி, கடை வாடகை, கட்டணங்கள் எல்லாம் சேரும் ஊரின் சொந்தப் பணம். மத்திய நிதிக்குழு மானியம், மாநில நிதிக்குழு மானியம், மாநில அரசின் திட்டங்கள் என்றெல்லாம் வேறு பெயர்களும் வரும். ‘நமக்கு நாமே’ திட்டம் என்று வந்தால், மக்களும் ஒரு பங்கு பணம் போட வேண்டும். சென்னையிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு சொந்த ஊர் ஊரணிக்கு ஏதாவது செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் உள்ள நம் பக்கத்துக்கு மிகவும் பொருந்தும் வழி அது. பணம் எங்கிருந்து என்று எழுதாத பொருள், தீர்மானமானாலும் நகராது. “நிதி ஆதாரத்துக்கு உட்பட்டு” என்று ஒரு சொல் இருந்தால், இந்த வருடம் வேலை நடக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

கடைசியாக வினைச்சொல். இந்தத் தாள்களில் மூன்று வகை வினைகள் திரும்பத் திரும்ப வரும். “அனுமதி வேண்டப்படுகிறது” என்றால் வேலை இன்னும் நடக்கவில்லை, மன்றம் வேண்டாம் என்றும் சொல்லலாம். “பதிவு செய்யலாம்” என்றால் அது தகவல். அரசாணையோ கடிதமோ வந்திருக்கிறது, மன்றம் தெரிந்துகொண்டதாகக் குறித்துக்கொள்ளும். மூன்றாவது, “பின்னேற்பு வழங்கலாம்.” செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது, இப்போது ஒப்புதல் கேட்கிறார்கள் என்று அர்த்தம். குடிநீர் மோட்டார் ராத்திரி எரிந்துபோனால் கூட்டம் வரும்வரை காத்திருக்க முடியாது, உடனே மாற்றிவிட்டுப் பின்னேற்புக்கு வருவது நியாயம். ஆனால் கட்டில் பாதிப் பொருள் பின்னேற்பாகவே இருந்தால், அந்த மன்றம் முடிவெடுக்கவில்லை, முடிந்ததற்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது. உறுப்பினரிடம் இதைச் சொல்ல வேண்டியது நாம்தான்.

“அலுவலகக் குறிப்பு” என்று ஒரு வரி இருக்கிறது பாருங்கள். அதை எழுதுவது அலுவலகம். மன்றத்துக்கு வருவதற்கு முன்பே, இன்ன முடிவு எடுக்கலாம் என்று பரிந்துரை அதில் வந்துவிடும். பெரும்பாலான கூட்டங்களில் அந்த வரிதான் அப்படியே தீர்மானமாகிறது. பாதி முடிவு தாள் எழுதும்போதே ஆகிவிடுகிறது என்று நான் சொல்வது இதனால்தான். கூட்டத்தன்று போய் வாசலில் நின்று கோஷம் போடுவதைவிட, இருபது நாள் முன்னால் அந்தத் தாளில் என்ன எழுதப்படுகிறது என்று விசாரிப்பவருக்குப் பலன் அதிகம்.

தேர்ந்தெடுத்த மன்றத்தின் அருமை 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலம் முழுக்கத் தமிழ்நாட்டு நகரங்களில் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை. தேர்தல் நடக்காததால் தனி அலுவலர்கள் நிர்வாகம் பார்த்தார்கள். அப்போதும் பொருள் எழுதப்பட்டது, தீர்மானமும் போடப்பட்டது. வேறுபாடு ஒன்றுதான்: மன்றத்தின் அதிகாரமும் ஓர் அதிகாரியின் கையிலேயே இருந்தது, “ஏன்” என்று கேட்க எதிரே ஆள் இல்லை. 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடந்து உறுப்பினர்கள் வந்த பிறகுதான் அந்த ஒரு சொல் திரும்பக் கிடைத்தது. கூச்சலும் வெளிநடப்பும் நடக்கும் மன்றம் என்றாலும் எனக்கு அதுவே மேல்.

சரி, என்னென்ன மன்றத்துக்கு வரும்? 1992-இல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத் தக்க 18 துறைகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் பட்டியல் போட்டது. அது முழுவதும் ஊர் மன்றத்துக்கு வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்தப் பட்டியலில் தீயணைப்பும் உண்டு. தமிழ்நாட்டில் அது மாநிலத் துறை. நடைமுறையில் நம் ஊர் மன்றத்தில் வருவது சாலை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குடிநீர், குப்பை, சுடுகாடு, பூங்கா, தெருநாய்க் கருத்தடை. அப்புறம் பேருந்து நிலையக் கடைகள், வாரச்சந்தை, வண்டி நிறுத்தம், கட்டணக் கழிப்பறை இவற்றின் ஏலமும் குத்தகையும். வருடாந்திர வரவு செலவுத் திட்டம். வரி, கட்டண மாற்றங்கள். சிறு தொகைக்கான செலவுகளை ஆணையர் மட்டத்திலேயே முடித்துக்கொள்வார்கள். மிகப் பெரிய திட்டம் என்றால் மன்றம் தீர்மானம் போட்டாலும் மேலே அரசின் அனுமதிக்குப் போகும். நடுவில் உள்ளவைதான் முழுக்க மன்றத்தின் கையில் இருப்பவை.

வரி விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மன்றத்துக்கு வரும் எல்லாப் பொருளும் மன்றத்தில் பிறந்தவை இல்லை என்பதற்கு அது நல்ல உதாரணம். 2022 மார்ச் கடைசியில் சொத்து வரியை உயர்த்துவதற்கு மாநில அரசு ஆணை போட்டது. சென்னை தவிர்த்த ஊர்களில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். மத்திய நிதிக்குழு மானியம் வாங்க இந்த நிபந்தனை இருக்கிறது என்று அரசு காரணம் சொன்னது. பிறகு ஒவ்வொரு ஊர் மன்றத்திலும் அது பொருளாக வைக்கப்பட்டது.

மற்ற ஊரில் 1,800 சதுர அடிக்கு மேல் என்றால் வசதியான வீடு. நம் ஊரில்? முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகள். வளவைத் தாண்டுவதற்குள் 1,800 அடி முடிந்துவிடும். அதில் பத்துப் பதினைந்து பங்காளிகள். பாதிப் பேர் வெளியூர். உள்ளே ஓர் அறையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வயதான ஆச்சி மட்டும் குடியிருப்பார். ஆனால் உயர்வு 100 சதவீதப் பிரிவில், அதாவது வரி இரண்டு மடங்கு. மாநிலம் முழுக்க ஒரே அளவுகோல் வைத்தால் இந்த மாதிரி ஓர் ஊரின் சொந்த நிலைமை அதில் விழாது. இதை எடுத்துச் சொல்ல இடம் எது என்றால், அந்தப் பொருள் வரும்போது மன்றத்தில் பதிவாகும் கருத்தும், வரைவு அறிவிப்பின்மீது மக்கள் எழுதிக் கொடுக்கும் ஆட்சேபமும்தான். எழுதிக் கொடுத்தவர்கள் குறைவு. தெருவில் பொருமியவர்கள் அதிகம். அடுத்த முறை இது மாற வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

மன்றத்துக்கு வராதவையும் உண்டு. ரேஷன் கடை, மின்சாரம், போலீஸ், பட்டா மாற்றம், பேருந்து நேரம் எல்லாம் வேறு துறைகள். சாலையிலும் எச்சரிக்கை வேண்டும். ஊருக்குள்ளே போகும் எல்லாச் சாலையும் ஊருடையது இல்லை. சிலது மாநில நெடுஞ்சாலை, சிலது தேசிய நெடுஞ்சாலை. ஒரே குழி, ஆனால் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் அலுவலகம், சந்து திரும்பினால் இன்னோர் அலுவலகம்.

நீர்நிலை என்றால் இன்னும் சிக்கல். செட்டிநாட்டில் முன்னோர்கள் வீட்டையும் ஊரணியையும் சேர்த்தே யோசித்தார்கள். வளவு முற்றத்தில் விழும் மழைநீர் கல் வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு வரும். தெரு வாய்க்கால் ஊரணிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த ஒரு பாதையில் இன்று எத்தனை சொந்தக்காரர்கள்! முற்றம் வீட்டுக்காரருடையது. தெரு வாய்க்கால் நகராட்சியுடையது. ஊரணி கோயிலுடையதாக இருக்கலாம், அறக்கட்டளையுடையதாக இருக்கலாம், வருவாய்த்துறைக் கணக்கில் புறம்போக்காகவும் இருக்கலாம். நடுவில் ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் யார் பெயரில் இருக்கிறது என்பது சர்வே எண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் வேறோர் ஊரில், சொந்தக்காரர் வீட்டருகே ஊரணி வரத்துக்கால் மண் மூடிக் கிடந்ததற்காக ஓர் அலுவலகத்தில் நான்கு முறை மனு கொடுத்தேன். நான்கு முறையும் ரசீது வந்தது, வேலை வரவில்லை. ஐந்தாவது முறை போனபோதுதான் ஓர் எழுத்தர் பொறுமையாகப் பதிவேட்டைத் திறந்து காட்டினார்: அந்த வரத்துக்காலின் சர்வே எண் அவர்கள் அலுவலகத்துக்கு உரியதே இல்லை. முதல் மனுவிலேயே யாராவது இதைச் சொல்லியிருந்தால் இரண்டு மழைக்காலம் மிச்சமாகியிருக்கும். அன்றிலிருந்து, மனு எழுதும் முன், எந்த சர்வே எண் யாருடையது என்று சொல்லும் அ-பதிவேட்டையும், அந்த நிலத்தின் எல்லையைக் காட்டும் புலப்படத்தையும் பார்க்காமல் நான் பேனாவை எடுப்பதில்லை. உங்களுக்கும் இதையே சொல்வேன். சர்வே எண்ணோடு போகும் மனுவைத் தள்ளிவிடுவது கஷ்டம்.

நம் விஷயத்தைப் பொருளாக்குவது எப்படி என்ற இடத்துக்கு இப்போது வந்துவிட்டோம். எழுத்தில் மனு கொடுங்கள், இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மனுவில் ஒரே விஷயம். தெருவிளக்கு, நாய், வாய்க்கால், கொசு என்று நாலையும் ஒரே தாளில் எழுதினால் அது எந்தப் பிரிவுக்குப் போவது என்று தெரியாமல் மேஜையிலேயே நிற்கும். இடத்தை எல்லை சொல்லி எழுதுங்கள்: “இன்ன வீட்டு எண் முதல் ஊரணி மதகு வரை.” இன்னொரு பிரதியை வார்டு உறுப்பினர் கையில் கொடுத்து, “இதை அடுத்த கூட்டத்துக்குப் பொருளா வைக்கச் சொல்லுங்க” என்று அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்கள். ‘கவனியுங்கள்’ என்பதற்கும் ‘பொருளாக வையுங்கள்’ என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதுக்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நகரத்துக்குக் கிராம சபை கிடையாது என்று ஆச்சியிடம் சொன்னேன் அல்லவா, அதில் ஒரு திருத்தம் உண்டு. வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, பகுதி சபை என்று ஒன்று இப்போது சட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளன்று இவை கூடின. அங்கே மக்கள் பேசலாம், தங்கள் பகுதிக்கு என்ன வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். கிராம சபை அளவுக்கு இன்னும் வேர் பிடிக்கவில்லை. எப்போது கூடுகிறது என்பதே பல தெருக்களுக்குத் தெரிவதில்லை. உங்கள் பகுதி சபை எது, எப்போது கூடும் என்று உறுப்பினரிடம் கேளுங்கள். கேட்டால்தான் கூடும்.

கூட்டத்தன்று நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறைந்தபட்ச எண்ணிக்கையில் உறுப்பினர்கள் வந்திருக்க வேண்டும், அதைக் கோரம் என்பார்கள். அலுவலர் பொருள் எண்ணைப் படிப்பார். மறுப்பு இல்லையென்றால் “அனுமதிக்கப்பட்டது” என்று அடுத்ததற்குப் போய்விடுவார்கள். ஐம்பது அறுபது பொருள் கொஞ்ச நேரத்தில் ஓடிவிடுவதும் உண்டு. மறுப்பு வந்தால் விவாதம், தேவைப்பட்டால் வாக்கெடுப்பு. சமமாக நின்றால் தலைமை வகிப்பவர் ஓட்டு தீர்மானிக்கும். ஒத்திவைக்கவும் செய்யலாம், ஒத்திவைத்த பொருள் செத்ததாக அர்த்தம் இல்லை, அடுத்த கட்டில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளிநடப்பு பற்றி ஒன்று: படம் வரும், செய்தி வரும், ஆனால் வெளியே போனவரின் வாக்கு உள்ளே இல்லை. எதிர்ப்பு இருந்தால் உட்கார்ந்து, “என் எதிர்ப்பைத் தீர்மானத்தில் பதிவு செய்யுங்கள்” என்று கேட்பவரே நமக்கு உபயோகமான உறுப்பினர். நாளைக்கு வழக்கு என்று வந்தாலும், அரசு அந்தத் தீர்மானத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ யோசித்தாலும் எழுத்தில் இருப்பதுதான் நிற்கும்.

தீர்மானம் ஆகிவிட்டது என்று கேட்டதும் பட்டாசு வெடித்துவிட வேண்டாம். அதற்குப் பிறகு தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, வேலை, அளவுப் புத்தகத்தில் அளவு பதிவு, பில் என்று நீண்ட வரிசை இருக்கிறது. ஒப்பந்தப்புள்ளி 1998-ஆம் ஆண்டின் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி நடக்க வேண்டும். எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டுச் சொல்ல மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். “வேலை ஏன் நடக்கவில்லை?” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. “இன்ன தேதித் தீர்மானம் இன்ன எண்ணின் நகல், பணி ஆணையின் நகல், அளவுப் புத்தகப் பக்கங்களின் நகல்” என்று கேளுங்கள். காகிதம் கேட்டால் காகிதம் வரும்.

இவ்வளவையும் ஒரே நாளில் ஆச்சியிடம் சொல்லவில்லை. மூன்று நாள் சாயந்திரம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். மூன்றாம் நாள் என் மாதிரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்து இரண்டு முறை படித்தார்.

“இதுல 180 மீட்டருன்னு போட்ருக்கியே, நம்ம தெரு வாய்க்கா எம்புட்டு நீளம்?”

எனக்குத் தெரியவில்லை. ஆச்சி உள்ளே போய், கொத்தனார் மறந்துவிட்டுப் போன டேப் ஒன்றை எடுத்து வந்தார். ஒரு முனையைப் பேரன் வாசல்படி ஓரம் பிடித்துக்கொண்டான். முப்பது மீட்டர் டேப் அது. ஏழு முறை முழுதாக இழுத்து, எட்டாவது முறை ஊரணிப் படிக்கட்டுப் பக்கத்து மதகில் போய் முடிந்தது. 212 மீட்டர். அதில் நாற்பது மீட்டருக்கு மேல் கல் மூடி உடைந்து உள்ளே விழுந்திருந்தது. ஆச்சி பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, இரண்டு எண்ணையும் எழுதி என்னிடம் நீட்டினார். “மனுவுல மொத வரியில இதப் போடு. சர்வே நம்பர நாளைக்குக் காலையில போய்ப் பாத்துட்டு வந்துருவோம்.”